ஆம்புலன்ஸ் வந்த ஊரும் வராத ஊரும்

பேரருவியின் பெண்கள் பக்கத்தில், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிரேஸ் நின்றாள். என்னுடைய பழைய நைட்டி அவள் உயரத்துக்கு முழங்காலைத் தாண்டிக் கொஞ்சம்தான் இறங்கியது. தலையில் விழும் தண்ணீருக்குள்ளிருந்து எதையோ கத்திச் சொன்னாள். அருவி இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. சிரிக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

சென்ற சாரல் பருவத்தில் நடந்தது இது. கிரேஸ் ஜாம்பியா நாட்டுக்காரி. நானும் என் கணவரும் அங்கே ஒரு செம்புச் சுரங்க ஊரில் பள்ளி ஆசிரியர்களாக இருந்த காலத்தில் எனக்குக் கிடைத்த தோழி. அவள் தங்கை மகள் கோயம்புத்தூரில் படித்து முடித்தாள். பட்டமளிப்பு விழாவுக்கு வந்தவள், என்னைப் பார்க்காமல் போவதில்லை என்று ரயிலேறித் தென்காசிக்கு வந்துவிட்டாள். எத்தனையோ வருஷம் கழித்துப் பார்க்கிறோம். ஸ்டேஷனில் இருவருமே ஒருவரையொருவர் கடந்து போய்விட்டுத் திரும்பிப் பார்த்தோம்.

அருவியில் நல்லெண்ணெய் வாசமும் ஷாம்பு நுரையுமாக ஒரே நெரிசல். அந்த நெரிசலுக்கு மேல் திடீரென்று சைரன் ஒலித்தது.

"எல்லாரும் வெளிய வாங்க! ஏ மைனி, சோப்பெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம். ஆச்சி, என் கையப் பிடிங்க. தண்ணி வருது, தண்ணி வருது!" என்று ஒரு பெண் போலீஸ் பூட்ஸோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்.

"தண்ணி வருதுன்னுதான குளிக்க வந்திருக்கோம்" என்று ஒரு அம்மாள் முணுமுணுத்தார். ஆனாலும் நகர்ந்தார். நாங்களும் நகர்ந்தோம். பேசி முடிப்பதற்குள் பாறை காலியாகிவிட்டது.

நாங்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு மேட்டில் நின்று பார்த்தோம். வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த அருவி டீ நிறத்துக்கு மாறியது. அதன்பிறகு முறிந்த மரக்கிளைகள் வந்தன. கிரேஸ் பிடித்திருந்த கம்பி கண்ணுக்கே தெரியவில்லை.

"யார் சொன்னது இவர்களுக்கு?" என்று கேட்டாள்.

மலைமேல் மழை பெய்தால் கீழே தகவல் வந்துவிடும் என்றேன்.

"மலையை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?"

"அரசாங்கம்தான்."

அந்தச் சொல்லை அவள் மெதுவாகத் திரும்பச் சொன்னாள். சாமி பெயரைச் சொல்வதுபோல இருந்தது.

என் தம்பி சங்கரன் கார் பக்கத்தில் நின்றிருந்தான். எங்களை அழைத்து வந்தவன் அவன்தான், ஆனால் குளிக்க வரவில்லை. அவன் மனைவி பார்வதி இறந்து அப்போது வருஷம் திரும்பவில்லை. ஈரத் தலையோடு நாங்கள் கிட்டே போனதும் அருவியைப் பார்த்தபடியே சொன்னான்:

"இதுக்கு மட்டும் என்னா சுறுசுறுப்பு, பாத்தியளா அக்கா?"

டீசல் இல்லாத ஆம்புலன்ஸ்

செம்பு ஊரைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே கொஞ்சம் சொல்லியிருக்கிறேன். சிவப்பு மண், தகரக் கூரை, மழைக்கு முன்னால் தெருவெல்லாம் ஊதாப் பூ உதிர்க்கும் மரங்கள். என் கணவர் அங்கே கணக்கு எடுத்தார். எனக்குச் சரித்திரமும் குடிமையியலும். அந்த நாட்டுக்கு என்னைவிட வயது குறைவு. அதனாலேயே பிள்ளைகள் குடிமையியலை அவ்வளவு ஆசையாகப் படித்தார்கள். புதுப் புத்தகத்துக்கு அட்டை போடுவதுபோல அந்த நாட்டை அவர்கள் நேசித்தார்கள்.

பிறகு செம்பின் விலை உலகச் சந்தையில் விழுந்தது. எங்கோ யாரோ நிர்ணயித்த விலை அது. எங்கள் ஊர்க் கடைகளில் முதலில் எண்ணெய் காணாமல் போனது, பிறகு சோப்பு. களி கிண்டும் மக்காச்சோள மாவுக்கு விடியுமுன்பே வரிசை நின்றார்கள். சம்பளம் தள்ளித் தள்ளி வந்தது. அலுவலகங்கள் திறந்திருந்தன, உள்ளே மேஜைகள் இருந்தன, மேஜைக்குப் பின்னால் ஆளும் இருந்தார். போய்க் கேட்டால் அவர் கையை விரித்துக் காட்டுவார். பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவரிடம் ஒன்றும் இல்லை.

கிரேஸின் கணவர் ஜோசப், எங்கள் பள்ளியின் விஞ்ஞான ஆசிரியர். ஒரு மழைக்காலத்தில் அவருக்கு வயிற்றுவலி வந்தது. முதலில் சாதாரண வலி என்றுதான் நினைத்தார்கள். குடல்வால் வெடித்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. என் கணவர் பள்ளித் தொலைபேசியில் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டார். அங்கே ஆம்புலன்ஸ் இருந்தது, டிரைவரும் இருந்தார். டீசல் இல்லை.

"டீசல் கொண்டுவந்தால் இப்போதே வருகிறேன் சார்" என்று அந்த டிரைவரே அழாத குறையாகச் சொன்னாராம்.

சுரங்கத்து மேஸ்திரி ஒருவரிடம் பிக்கப் வண்டி இருந்தது. அதன் திறந்த பின்பக்கத்தில் மெத்தையைப் போட்டு ஜோசப்பைப் படுக்க வைத்தோம். நான் ஒரு தார்ப்பாயின் முனையைப் பிடித்துக்கொண்டேன். கிரேஸ் அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். மழை சாய்வாக அடித்தது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது அவள் கீழே இறங்கவில்லை. மேஸ்திரி இறங்கி வந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

அந்த வாரம் முழுவதும் துக்கம் கேட்க ஆட்கள் வந்தார்கள், பாடினார்கள். ஒருவர்கூடக் கோபப்படவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. நீ ஏன் யாரையும் திட்டவில்லை என்று கிரேஸிடம் கேட்டேவிட்டேன்.

"யாரைத் திட்டுவது?" என்றாள். "திட்டுவதற்கு அங்கே ஒருவர் இருக்க வேண்டாமா?"

கரும்பலகையின் இரண்டு பக்கம்

ஊர் திரும்பிய பிறகு திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தினேன். ஒப்பீட்டு அரசியல் என்று ஒரு தாள். விடுதலை பெற்ற நாடுகளில் எங்கே அரசு வலுவாக நின்றது, எங்கே தள்ளாடியது, ஏன் என்பதுதான் அதில் பாதி. கரும்பலகையின் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் 'வலிய அரசு', வலப்பக்கம் 'மெலிய அரசு' என்று எழுதுவேன்.

பிள்ளைகளுக்கு எளிதாகப் புரியட்டும் என்று இப்படிச் சொல்வேன்: நம்மை ஆண்டவர்களேதான் அவர்களையும் ஆண்டார்கள். இங்கே அவர்களுக்கு நிலவரி வேண்டியிருந்தது. அதற்கு ஒவ்வொரு கிராமத்திலும் ஆள் வேண்டும். ஆகவே கலெக்டர், தாசில்தார், கிராமக் கணக்கர் என்று ஒரு பெரிய ஏணியை விட்டுப் போனார்கள். அங்கே அவர்களுக்குச் செம்பு வேண்டியிருந்தது. அதற்குச் சுரங்கமும் துறைமுகம் வரை ஒரு ரயில் பாதையும் போதும். ஊருக்குள் ஆளே தேவைப்படவில்லை. அதனால் அவர்கள் போனபோது அந்தத் தண்டவாளம்தான் மிஞ்சியது. உண்மை இதைவிடச் சிக்கலானது. ஆனால் பரீட்சைக்கு இது போதும்.

கடைசி பெஞ்சில் கடையத்திலிருந்து வரும் ஒரு பெண் கேட்டாள்: "மேடம், அப்ப நம்ம நாடு எந்தப் பக்கம்?"

கோட்டின் மேலேயே எழுதினேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

இப்போது நினைத்தால், மனதுக்குள் அதை நான் இடப்பக்கம்தான் எழுதியிருந்தேன். ஜோசப் இறந்த ஊரிலிருந்து வந்தவளுக்கு இங்கே எல்லாமே அரசின் வலிமையாகத் தெரிந்தது. ரேஷன் கடையில் அரிசி இருந்தது. செவிலியர் வீடு தேடி வந்து குழந்தைக்கு ஊசி போட்டார். தேர்தலில் தோற்றவர் வீட்டுக்குப் போனார். ஜாம்பியாவிலும் பின்னாளில் தோற்ற அதிபர் வீட்டுக்குப் போனார் என்று செய்தித்தாளில் படித்தபோது, கிரேஸுக்குப் போன் செய்து இருவருமாக அழுதோம்.

எல்லாம் சரியாக நடந்தது

சங்கரனுக்குக் கடையம் பக்கம் வயல். நெல்லும் கொஞ்சம் எலுமிச்சையும். அவன் வீட்டு வாசலை ஒட்டிப் போகும் சாலையில்தான் குவாரி லாரிகள் போகின்றன. கல்லும் மணலும் ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாக மலைக்கு அந்தப் பக்கம் போகிறவை. ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் ஏற்றியிருப்பார்கள். தார்ப்பாய் போட்டு மூட வேண்டும் என்று விதி. தார்ப்பாய் லாரியில் சுருட்டியபடி இருக்கும்.

கிருத்திகை அன்று பார்வதியும் அவனும் ஆய்க்குடி முருகனைக் கும்பிட்டுவிட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வளைவில் பக்கவாட்டில் ஒட்டிக் கடந்துபோன லாரியிலிருந்து ஒரு கல் உருண்டது. சங்கரன் மேல் ஒரு கீறல்கூட இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பார்வதியின் தலையில் விழுந்தது. அவள் கையில் இருந்த விபூதிப் பொட்டலம் அவிழாமல் அப்படியே இருந்தது.

அவன் எனக்குச் சொன்னது இது:

"கூட்டம் கூடுததுக்கு முன்னாடி ஆம்புலன்ஸ் வந்துட்டு அக்கா. அந்தப் புள்ள, நர்ஸ் புள்ள, அவ்வளவு பக்குவமா தூக்குதா. ஆக்ஸிஜன் வைக்குதா. தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, டாக்டர் வாசல்லயே நிக்காரு. இங்கன முடியாது, திருநெல்வேலிக்குக் கொண்டு போங்கன்னு அடுத்த வண்டியும் தயாரா நிக்கி. ஆலங்குளம் தாண்டும்போதுதான்..."

"எல்லாம் சரியாத்தான் நடந்துச்சு. அந்த லாரி ஒண்ணத் தவிர" என்றான்.

டிரைவரைப் பிடித்தார்கள், ஜாமீனில் விட்டார்கள். பார்வதியின் காரியம் முடிவதற்குள் அதே லாரி அதே சாலையில் போனது. பந்தலில் உட்கார்ந்திருந்த எல்லோரும் பார்த்தோம். சங்கரன் எழுந்தான். உறவுக்காரர்கள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

முற்றத்தில் இருவர்

அருவியிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் கிரேஸ் தானாகவே சங்கரனிடம் பேச்சுக் கொடுத்தாள். நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான மொழிபெயர்ப்பு அதுதான்.

ஆம்புலன்ஸ் வந்ததா என்று அவள் கேட்டாள். வந்தது என்றான். உள்ளே மருந்து இருந்ததா? இருந்தது. டாக்டர்? நின்றார். ஒவ்வொன்றுக்கும் அவள் கண் விரிந்தது. பொறாமை என்று சொல்லக் கூடாது. ஆனால் பசித்தவர் முன்னால் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது.

"அவுக வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு?" என்று சங்கரன் கேட்டான்.

சொன்னேன். டீசலைப் பற்றிச் சொன்னபோது அவன் தலை குனிந்துகொண்டான்.

"அக்கா, அவுககிட்ட ஒண்ணு கேளுங்க. அவுக ஊர்ல கவர்ன்மெண்டுட்ட ஒண்ணுமே இல்ல, அதான் வரல. நம்ம ஊர்ல எல்லாம் இருக்கு. அருவிய ஒரு சைரன்ல காலி பண்ணுதான். இந்த லாரிய நிப்பாட்ட மட்டும் ஏன் முடியல? முடியலையா, மனசில்லையா?"

கிரேஸ் என்னைப் பார்த்தாள். பாடம் நடத்தியவள் நான்தானே. 'முடியவில்லை' என்றால் அது மெலிய அரசு. 'மனசில்லை' என்றால் அது என்ன அரசு? கரும்பலகையில் அதற்குப் பக்கம் இல்லை.

திங்கட்கிழமை

கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மக்கள் குறைகேட்கும் கூட்டம் நடக்கும். சங்கரன் ஏற்கெனவே பல தடவை போயிருக்கிறான். அந்தத் திங்கட்கிழமை கிரேஸ் தானும் வருவதாகச் சொன்னாள்.

வாசலில் குடிநீர், வரிசையாக நாற்காலிகள், மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி இடம். யாரோ ஓர் ஊழியர் கிரேஸைப் பார்த்து எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். சேலை கசங்கிய கிழவிகளும் கைக்குழந்தைக்காரிகளும் அதிகாரிகளுக்கு எதிரே உட்கார்ந்து, குரல் உயர்த்தி, கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். கிரேஸ் என் காதருகே, "இவர்களுக்குப் பயமே இல்லையே" என்றாள். பெருமையாக இருந்தது எனக்கு. அதை மறைக்க விரும்பவில்லை.

எங்கள் முறை வந்தது. அதிகாரி ஒரு இளம்பெண். சங்கரனை அவருக்கு முகம் தெரிந்திருந்தது.

"உக்காருங்க அண்ணாச்சி. உங்க விஷயம் எனக்குத் தெரியும். லோடு கூடுதலா ஏத்துதது வேற டிபார்ட்மெண்ட். அவங்களுக்கு அனுப்பியாச்சு. விதிப்படிதான் ஓடுதுன்னு பதில் வந்திருக்கு."

"விதிப்படி ஓடுத வண்டியில இருந்து எப்படிம்மா கல்லு விழும்?"

அந்தப் பெண் பேனாவை மூடித் திறந்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "என் கைல இருக்கதச் செய்யுதேன் அண்ணாச்சி. அந்த வளைவுல வேகத்தடை வேணும்னு எழுதித் தாங்க. அது நான் போட்டுத் தாரேன். உடனே போட்டுத் தாரேன்."

நல்ல பெண். அவர் சொன்னதில் பொய்யில்லை. தன் எல்லை எங்கே முடிகிறது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது, எங்களுக்கும் தெரிந்தது. சங்கரன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். எழுதிக் கொடுத்தான்.

வெளியே வந்ததும் கிரேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ளே போகும்போது உன் நாட்டைப் பார்த்து எனக்கு ஏக்கமாக இருந்தது. வரும்போது உன் தம்பி முகத்தைப் பார்த்தேன்" என்றாள். இரண்டு நாள் கழித்து ரயிலேறினாள்.

வேகத்தடை

சொன்னபடியே வேகத்தடை வந்தது. தார் வாசம் அடங்குமுன் வெள்ளைக் கோடும் போட்டுவிட்டார்கள். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. சங்கரனுக்கு ஒருவர் மாலைகூடப் போட்டார். "பார்வதி பேரைச் சொல்லும்" என்றார்கள். அவன் மாலையைக் கழற்றி அந்த வளைவிலேயே வைத்துவிட்டு வந்தான்.

லாரிகள் வேகம் குறைந்துதான் போயின. ஆனால் அளவு குறையவில்லை. நிறைசுமையோடு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது லாரி ஒரு குலுக்குக் குலுக்கும். அந்தக் குலுக்கில் மேலே இருக்கும் கல் உருளும். முன்பு எப்போதாவது எங்காவது விழுந்த கல், இப்போது தினமும் அந்த ஒரே இடத்தில் விழ ஆரம்பித்தது. அதுதான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலையைக் கடக்கிற இடமும்.

அவன் மறுபடி போனான். வேகத்தடையை எடுத்துவிடச் சொல்லி. அந்த இளம்பெண் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகியிருந்தார். புதிதாக வந்தவர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க கேட்டுத்தான போட்டிருக்கு அண்ணாச்சி? இப்ப எடுக்கச் சொல்லுதீங்களே" என்றாராம்.

போன மாதம் நான் கடையம் பக்கம் போயிருந்தேன். காலை நேரம். சங்கரன் வீட்டில் இல்லை. வளைவில் இருப்பான் என்றார்கள்.

சிவப்புத் துண்டை ஒரு கம்பில் கட்டிப் பிடித்துக்கொண்டு சாலையோரம் நின்றிருந்தான். காலுக்கடியில், விழுந்த கற்களைப் பொறுக்கி ஓரமாக அடுக்கியிருந்தான். தூரத்தில் லாரி தெரிந்ததும் துண்டை உயர்த்தி பைக்குகளை நிறுத்தினான். பிள்ளைகளைக் கையால் தடுத்தான். லாரி ஏறி இறங்கி, தூசி அடங்கியதும், "போங்கலே, போங்க. ஏட்டி, ஓடாத" என்று அனுப்பினான். காலையும் சாயங்காலமும் இதுதான் வேலை. எலுமிச்சையைப் புளியங்குடி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகக்கூட நேரம் இல்லை, காயை மரத்திலேயே மொத்தமாக விலை பேசி விற்றுவிட்டான்.

"எத்தன நாளைக்குடா இப்படி நிப்ப?" என்று கேட்டேன்.

"நிக்காம இருந்தா?" என்றான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு லாரி வேகத்தடையில் ஏறி இறங்கி, சற்றுத் தள்ளி நின்றது. டிரைவர் சின்ன வயது. ஊருக்குப் புதியவன் போலிருக்கிறது. தலையை வெளியே நீட்டி மரியாதையாகக் கேட்டான்:

"அண்ணாச்சி, நீங்க கவர்ன்மெண்டு ஆளா?"

சங்கரன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தான். கேலி இல்லை அவன் முகத்தில், கோபமும் இல்லை.

"ஆமா" என்றான். "தார்ப்பாயப் போடு."

அந்தப் பையன் இறங்கி வந்து தார்ப்பாயைப் போட்டான். சங்கரன் ஒரு முனையைப் பிடித்துக் கட்ட உதவினான். பின்னால் அடுத்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அதில் தார்ப்பாய் இல்லை, அது நிற்கவும் இல்லை.